முக்கால் வழி வந்த லாரி: ஊழல் முதலீட்டை என்ன செய்கிறது?

1983-ல் பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் ஒரு சோதனை நடந்தது. ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற பொருளாதார அறிஞரின் குழு, ஒரு சின்னத் தையற்கூடத்தைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கியது. குறுக்கு வழி கிடையாது, லஞ்சம் கேட்டால் முடிந்தவரை கொடுக்கக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் 289 நாள் ஓடிவிட்டது. பத்து முறை லஞ்சம் கேட்டார்கள். எட்டு முறை சமாளித்துவிட்டார்கள். இரண்டு முறை மட்டும், கொடுக்காவிட்டால் காரியமே நின்றுபோகும் என்ற கட்டத்தில் கொடுத்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு லஞ்சத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு உறுத்துவது அந்த 289 நாள். தொழில் தொடங்க நினைக்கிறவரிடம் இருப்பது கொஞ்சம் பணம். அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும், இடத்துக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அவர் என்ன செய்வார்? பணத்தைக் கொடுத்து நாளைக் குறைப்பார். இல்லையென்றால் பதிவே செய்யாமல் வீட்டுக்குள் மிஷினைப் போட்டு ஓட்டுவார். அதுவும் வேண்டாமென்றால் அந்த எண்ணத்தையே கைவிடுவார். இந்த மூன்றாவது ஆள் எந்தக் கணக்கெடுப்பிலும் வரமாட்டார். கைமாறிய பணத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். தொடங்கப்படாத தொழிலை எப்படிக் கணக்குப் போடுவது? ஊழலின் விலையைப் பேசும்போது அந்த ஆளை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் லீமாவில் ஆரம்பித்தேன்.

ஊழல் என்றால் என்ன என்பதில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். நம்பி ஒப்படைத்த அதிகாரத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவது, அவ்வளவுதான். கோப்பை நகர்த்த வாங்குவதும், டெண்டரில் கமிஷன் அடிப்பதும், மாதாமாதம் மாமூல் வசூலிப்பதும், அரசுப் பணத்தை நேராகவே சுருட்டுவதும் இதில் அடங்கும். அரசு அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. தனியார் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் சப்ளையரிடம் வாங்கினாலும் அதே வகைதான். இது எங்கே முளைக்கும் என்பதற்கு ராபர்ட் கிளிட்கார்ட் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சுருக்கமான கணக்குச் சொன்னார். ஒரு வேலையை ஒரே ஆளிடம்தான் முடிக்க முடியும் என்ற ஏகபோகம், அதோடு தன் விருப்பப்படி முடிவெடுக்கும் சுதந்திரம், அதிலிருந்து பதில் சொல்லும் பொறுப்பைக் கழித்தால் கிடைப்பது ஊழல். சம்பளம், குணம், கலாசாரம் என்று எதுவும் இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருக்கையின் அமைப்பைத்தான் அது பார்க்கிறது, உட்கார்ந்திருப்பவரின் மனசை இல்லை.

லஞ்சமும் ஒரு வரிதானே?

"வரி கட்டுகிறோம், வட்டி கட்டுகிறோம், இதையும் ஒரு செலவாக எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்." தொழில் செய்கிறவர்கள் அலுத்துப்போய்ச் சொல்வது இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டு, இது எவ்வளவு பெரிய வரி என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு.

1990-களில் ஷாங்-ஜின் வேய் என்ற பொருளாதார ஆய்வாளர், பணக்கார நாடுகளிலிருந்து மற்ற நாடுகளுக்குப் போன நேரடி முதலீட்டை எடுத்துப் பார்த்தார். ஒரு நாட்டின் ஊழல் அப்போதைய சிங்கப்பூர் நிலையிலிருந்து மெக்சிகோ நிலைக்கு ஏறினால், முதலீட்டாளரைப் பொறுத்தவரை அது வரி விகிதத்தை 20 சதவீதப் புள்ளிக்கும் மேல் ஏற்றியதற்குச் சமம் என்று வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1995-ல், பாவ்லோ மௌரோ வேறு விதமாகக் கணக்கிட்டார். வங்கதேசத்தின் அரசு நிர்வாகம் உருகுவேயின் அளவுக்கு நேர்மையும் திறமையும் பெற்றால், நாட்டு வருமானத்தில் முதலீட்டுக்குப் போகும் பங்கு ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி கூடும், ஆண்டு வளர்ச்சி அரை சதவீதத்துக்கு மேல் கூடும் என்றார். அரை சதவீதம்தானா என்று தோன்றும். இருபது, முப்பது வருஷம் சேர்த்துப் பாருங்கள்.

இந்த மாதிரி எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊழலை யாரும் தராசில் நிறுக்க முடியாது. 1995 முதல் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளியிடும் புகழ்பெற்ற தரவரிசையும் ஊழல் எவ்வளவு இருப்பதாக வல்லுநர்களும் வணிகர்களும் கருதுகிறார்கள் என்பதைத்தான் அளக்கிறது. தவிர, ஊழல் குறைந்ததால் ஒரு நாடு பணக்கார நாடானதா, பணம் வந்ததால் ஊழல் குறைந்ததா என்பதைப் பிரித்துச் சொல்வது எளிதில்லை.

அதனால் நாடுகளை விட்டுவிட்டு ஒரே நாட்டின் கம்பெனிகளுக்குள் பார்த்த ஆய்வுகள் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. உகாண்டாவில் 1990-களின் கடைசியில் கம்பெனிகளிடம் நேரடியாக விசாரித்த விவரங்களை வைத்து ரே ஃபிஸ்மனும் யாகோப் ஸ்வென்சனும் ஒரு கணக்குப் போட்டார்கள். விற்பனையில் லஞ்சமாகப் போகும் பங்கு 1 சதவீதப் புள்ளி கூடினால், அந்தக் கம்பெனியின் வளர்ச்சி 3 சதவீதப் புள்ளி குறைகிறது. அதே அளவு வரி கூடினால் வரும் பாதிப்பைப்போல இது சுமார் மூன்று மடங்கு. ஆக, இதை வரி என்று வைத்துக்கொண்டாலும், மற்ற வரியைப்போல மூன்று மடங்கு சேதம் செய்கிற வரி.

ஏன் மூன்று மடங்கு? வரியாகப் போன பணம், கொஞ்சமாவது சாலையாக, பள்ளியாகத் திரும்பி வரும், லஞ்சம் வராது. இது ஒரு காரணம். ஆனால் முக்கியமான காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு லாரியில் ஏற வேண்டும்.

அச்சே சாலையில் 304 பயணங்கள்

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், வடக்கு முனையில் இருக்கிறது அச்சே மாகாணம். நீண்ட கால உள்நாட்டுச் சண்டை 2005 ஆகஸ்டில் ஓர் ஒப்பந்தத்தோடு முடிந்தது. சண்டைக் காலத்தில் சாலை நெடுக ராணுவமும் போலீசும் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். அச்சேயிலிருந்து மேடான் நகரம் வரை போகும் லாரி ஒவ்வொன்றும் அந்தச் சாவடிகளில் நின்று, கையில் எதையாவது வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். 2005 நவம்பரிலிருந்து 2006 ஜூலை வரை பெஞ்சமின் ஓல்கன், பேட்ரிக் பாரன் என்ற ஆய்வாளர்களின் ஆட்கள் லாரி டிரைவர்களின் உதவியாளர்போலக் கூடவே பயணம் செய்து, கொடுத்ததையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். 304 பயணங்களில் 6,000-க்கும் மேற்பட்ட சட்டவிரோத வசூல்கள். சராசரியாக ஒரு பயணத்துக்கு இருபது. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். ஆனால் எல்லாம் சேர்ந்து பயணச் செலவில் 13 சதவீதம். டிரைவரின் கூலியைவிட அதிகம்.

இதில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. சமாதானத்துக்குப் பிறகு அச்சேயில் படைகள் திரும்பிப் போகப் போக, அங்கிருந்த சாவடிகள் குறைந்தன. டிரைவர்களுக்கு அந்த அளவுக்கு மிச்சமாகியிருக்க வேண்டும். முழுசாக ஆகவில்லை. படை விலகாத பக்கத்து மாகாணத்தின் சாவடிகள் தங்கள் ரேட்டை ஏற்றிவிட்டன! டிரைவர் கையில் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்தவர் அதை எடுத்துக்கொண்டார். வசூலிப்பவர்கள் தனித்தனியாக, ஒருவரைப் பற்றி ஒருவர் கவலைப்படாமல் வசூலிக்கும்போது இப்படித்தான் நடக்கும் என்று ஆண்ட்ரே ஷ்லைஃபரும் ராபர்ட் விஷ்னியும் 1993-லேயே எழுதியிருந்தார்கள். ஒரே ஆள் வாங்கினால் லாரி ஓட்டமே நின்றுபோகும் அளவுக்குப் பிழியமாட்டார். அவருக்கு நாளைக்கும் லாரி வர வேண்டும். இருபது பேர் வாங்கினால் ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் பார்ப்பார். மொத்தம் எங்கே போய் நிற்கிறது என்பது யாருடைய பொறுப்பும் இல்லை. சோவியத் யூனியன் உடைந்தபின் ரஷ்யாவில் முதலீடு செய்யப் போனவர்கள் பட்ட பாட்டுக்கு அவர்கள் சொன்ன விளக்கமும் இதுவே. முன்பு கம்யூனிஸ்ட் கட்சி என்ற ஒரே வாசல் இருந்தது. பிறகு ஒவ்வொரு துறையும் ஒரு வாசல்.

இரண்டாவது விஷயம் இன்னும் சுவையானது. பயணம் முடியும் இடத்தை நெருங்க நெருங்க, ஒரு சாவடியில் கேட்கும் தொகை ஏறிக்கொண்டே போனது. ஏன்? புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் மறித்தால் டிரைவர் "போய்யா" என்று திருப்பிக்கொண்டு போய்விடலாம். முக்கால் வழி வந்தபின் முடியாது. டீசல் எரித்தாயிற்று, நேரம் போயாயிற்று, சரக்கை இறக்கினால்தான் காசு. எவ்வளவு தூரம் வந்துவிட்டோமோ அவ்வளவு தூரம் மாட்டிக்கொண்டோம்.

முதலீடு என்றாலே முக்கால் வழி வந்த லாரிதான். கடை போட்டு வாங்கி விற்கிறவர், தொல்லை தாங்காவிட்டால் சரக்கை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம். பத்து வருஷத்தில் திரும்ப வரும் என்று நம்பி ஆலை கட்டியவரோ, சுரங்கம் தோண்டியவரோ, மின்நிலையம் போட்டவரோ எங்கே போவார்? இயந்திரத்துக்கு அடியில் கான்கிரீட் போட்டாயிற்று. கட்டும் முன் பேசிய ரேட் கட்டிய பின் நிற்காது. புதிதாக ஓர் ஆய்வாளர் வருவார், விதியில் இல்லாத ஒரு தடையில்லாச் சான்று முளைக்கும். உகாண்டா கம்பெனிகளிடமும் இதுவே தெரிந்தது: போட்ட முதலீட்டை எளிதாக எடுத்துக்கொண்டு வேறு வேலைக்கு மாற்றக்கூடியவர்கள் குறைவாகக் கொடுத்தார்கள், மாற்ற முடியாதவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள்.

வரிக்கும் லஞ்சத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்போது தெரிகிறது இல்லையா? வரிக்கு ரசீது உண்டு. எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். கட்டிய பிறகும் தொல்லை செய்தால் கோர்ட்டுக்குப் போகலாம். லஞ்சம் என்பது எந்தக் கோர்ட்டும் ஏற்காத ஓர் ஒப்பந்தம். வாங்கியவர் வேலையைச் செய்யாவிட்டால் கேட்க முடியாது. அவர் மாற்றலாகிப் போய், வந்தவர் முதலிலிருந்து ஆரம்பித்தாலும் கேட்க முடியாது. ஆகவே புத்திசாலி முதலீட்டாளர் என்ன செய்கிறார்? சீக்கிரம் பணம் திரும்பும் வேலையை மட்டும் எடுக்கிறார். தயாரிப்பைவிட வாங்கி விற்பது மேல் என்கிறார். புது இயந்திரத்துக்குப் பதில் வாடகை இயந்திரம். கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாகவே இருப்பது. ஒரு நாட்டில் கடைகள் பெருகி ஆலைகள் பெருகாமல் இருப்பதற்கு நூறு காரணம் இருக்கலாம். இது அதில் ஒன்று.

மசகு போட்டால் வண்டி ஓடும் என்பவர்கள்

எதிர்வாதமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. 1964-ல் நதேனியல் லெஃப் எழுதினார்: அரசாங்கமே தொழிலுக்கு முட்டுக்கட்டை போடும் இடத்தில், லஞ்சம் அந்தக் கட்டையைத் தள்ளிவிட்டு வேலையை நகர்த்துகிறது, மோசமான சட்டத்தைச் சுற்றிப் போக அது ஒரு வழி. அச்சுக்கு மசகு போடுவதுபோல. அதே 1964-ல் இந்தியாவில் ஊழல் தடுப்புக்காக அரசு அமைத்த சந்தானம் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. கோப்பு வேகமாக நகர்வதற்காகக் கொடுக்கும் பணம், "ஸ்பீடு மணி", அதில் பேசப்பட்டது. பின்னால் சுவீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்டால் அந்த அறிக்கையைக் காட்டி லெஃப் வகை வாதத்தைக் கவிழ்த்தார். வேகத்துக்குப் பணம் கிடைக்கும் என்றால், பணம் வராத கோப்பைத் தாமதப்படுத்த வேண்டும் என்ற ஆசை தானாக வரும். தாமதம் தற்செயலாக ஏற்படுவதில்லை, விற்பனைக்காகத் தயாரிக்கப்படுகிறது.

டேனியல் காஃப்மன் என்ற பொருளாதார அறிஞரும் மேலே சொன்ன வேயும் பிறகு பல நாட்டுக் கம்பெனிகளிடம் சரிபார்த்தார்கள். அதிகம் லஞ்சம் கொடுக்கும் கம்பெனிகளின் மேலாளர்கள் அதிகாரிகளோடு செலவிடும் நேரம் குறையவில்லை, கூடியிருந்தது. கொடுப்பவர் என்று பேர் எடுத்தவருக்கே மேலும் மேலும் கதவு மூடப்படுகிறது, மேலும் மேலும் திறக்க வேண்டியிருக்கிறது. டெல்லியில் 822 பேரை வைத்து ஓட்டுநர் உரிமம் பற்றி நடந்த ஓர் ஆய்விலும் இதே வாடை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களும் நேர் வழியில் போனால் காரணமில்லாமல் தேர்வில் தோற்கடிக்கப்பட்டார்கள். ஏஜென்ட் வழியாகப் போனவர்களுக்குத் தேர்வே நடக்காமல் உரிமம் வந்தது, ஓட்டத் தெரியாதவர்களுக்கும்தான். மசகு என்று நினைத்துப் போட்டது, பிரேக்கையே கழற்றிவிட்டது.

அப்படியானால் அதிபர் சுகார்த்தோவின் இந்தோனேசியா எப்படி வளர்ந்தது? தென் கொரியா எப்படி வளர்ந்தது? அங்கெல்லாம் ஊழல் இல்லையா என்று கேட்டால், இருந்தது, நன்றாகவே இருந்தது. பலர் தரும் பதில், அச்சே லாரியின் முதல் பாடத்தோடு ஒத்துப்போகிறது: வாசல் ஒன்றாக இருந்தது, யாரிடம் எவ்வளவு என்று தெரிந்திருந்தது, கொடுத்தால் வேலை நடந்தது. முழுதும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் அந்த ஒற்றை வாசலே ஒரு பெரிய ரிஸ்க். 1990-களின் நடுவில் சுகார்த்தோவுக்கு உடம்பு சரியில்லை என்று வதந்தி கிளம்பும்போதெல்லாம் ஜகார்த்தா பங்குச் சந்தையில் அவர் குடும்பத்துக்கு வேண்டிய கம்பெனிகளின் பங்குகள் மற்றவற்றைவிட அதிகமாகச் சரிந்தன. ஃபிஸ்மன் இதை நாள் வாரியாக எடுத்துக் காட்டினார். அந்தக் கம்பெனிகளின் சொத்தில் ஒரு பெரிய பகுதி ஒரு முதியவரின் இதயத் துடிப்பாக இருந்தது. 1998-ல் அவர் ஆட்சி கவிழ்ந்தது.

கட்டப்படுபவை, கட்டப்படாதவை

ஊழல் மொத்த முதலீட்டைக் குறைக்கிறது என்று மட்டும் சொன்னால் பாதி விஷயம்தான். அரசாங்க முதலீட்டை அது சில சமயம் கூட்டவும் செய்கிறது. புதிய அணை, புதிய துறைமுகம், புதிய ஆயுதம் என்றால் பெரிய காசோலை, பெரிய கமிஷன். பழைய சாலையின் பள்ளத்தை மூடுவதில் யாருக்கு என்ன கிடைக்கும்? 1997-ல் வீட்டோ டான்சி, ஹமீத் தாவூதி இருவரும் காட்டியது இதுதான்: ஊழல் மிகுந்த நாடுகளில் அரசு மூலதனச் செலவு கூடுதலாக இருக்கும், ஆனால் அதனால் கிடைக்கும் பலனும் பராமரிப்புச் செலவும் குறைவாக இருக்கும். கல்விக்குப் போகும் பணமும் குறைகிறது என்று மௌரோ காட்டினார். ஆசிரியர் சம்பளத்தில் கமிஷன் அடிப்பது கஷ்டம்.

இதன் உச்சத்தைப் பார்க்க மொசாம்பிக்குக்குப் போக வேண்டும். 2013, 2014-ல் அங்கே மூன்று அரசு சார்ந்த கம்பெனிகள் வெளிநாட்டு வங்கிகளிடம் 200 கோடி டாலருக்குக் கடன் வாங்கின. சூரை மீன் பிடிக்கும் படகுகள், கடற்கரைக் காவல், கப்பல் பழுதுபார்க்கும் தளம் என்று காரணம் சொல்லப்பட்டது. அரசு உத்தரவாதம் கொடுத்தது. பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்கே தெரியாது. 2016-ல் விஷயம் வெடித்தது. சர்வதேச நிதியமும் உதவி நாடுகளும் பணத்தை நிறுத்தின, நாணயம் சரிந்தது, அரசு கடன் தவணை தவறியது. படகுகள் மபூட்டோ துறைமுகத்தில் சும்மா கிடந்தன. கடனை ஏற்பாடு செய்த கிரெடிட் சுவிஸ் வங்கி 2021-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் சுமார் 47.5 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. உத்தரவாதத்தில் கையெழுத்திட்ட முன்னாள் நிதியமைச்சர் மனுவேல் சாங் 2024-ல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பானார். இந்தக் கடனோடு சம்பந்தமே இல்லாத ஒரு மொசாம்பிக் வியாபாரி இறக்குமதிச் சரக்குக்குக் கூடுதல் விலை கொடுத்தார், வங்கியில் கூடுதல் வட்டி கொடுத்தார். லஞ்சம் கொடுக்காதவர்களும் லஞ்சத்துக்குப் பணம் கட்டுகிறார்கள்.

கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்த பிறகு

இனி தொழில் நெறிக்கு வருவோம். இதை நல்லவர், கெட்டவர் என்று பிரித்துப் பேசினால் ஒன்றும் புரியாது. ஒரே டெண்டருக்குப் போட்டி போடும் இரண்டு காண்ட்ராக்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கொடுக்காவிட்டால் இருவருக்கும் நல்லது. ஆனால் மற்றவர் கொடுத்துவிடுவார் என்ற பயம் இருவருக்கும். ஆக, இருவரும் கொடுக்கிறார்கள். பழைய நிலைதான்; போட்டியில் யாருக்கும் லாபமில்லை, இருவர் கையும் சுட்டதுதான் மிச்சம். "எல்லாரும் கொடுக்கிறார்கள், நான் மட்டும் என்ன செய்ய" என்பது வெறும் சாக்கு இல்லை; ஒரு பொறிக்குள் இருப்பவரின் உண்மையான வாக்குமூலம். ஆனால் அந்தப் பொறிக்குள் போன கம்பெனி உள்ளே போனபோது இருந்த கம்பெனியாக வெளியே வருவதில்லை. அதுதான் பலரும் பார்க்காத இடம்.

லஞ்சப் பணத்தை லஞ்சம் என்று கணக்கில் எழுத முடியாது. "ஆலோசனைக் கட்டணம்" என்று ஒரு பொய் ரசீது வேண்டும். அதற்கு ஒரு போலி ஆலோசகர் வேண்டும். கணக்காளர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளப் பழகிய கணக்காளரிடம் நாளை உங்கள் பணத்துக்கே பாதுகாப்பு கிடையாது, ஏனென்றால் ரசீதில்லாமல் போன பத்து லட்சத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் எட்டு போனதா ஐந்து போனதா என்று யாருக்குத் தெரியும்? அப்புறம், கம்பெனிக்குள் யார் மேலே வருகிறார்கள் என்பதும் மாறுகிறது. நல்ல சரக்குச் செய்யத் தெரிந்த பொறியாளரைவிட, யாரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மதிப்பு கூடுகிறது. கொஞ்ச வருஷத்தில் அந்தக் கம்பெனிக்குப் போட்டி போடவே மறந்துபோகும்.

இது சின்னக் கம்பெனிகளின் கதை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் சீமென்ஸ் 2008 டிசம்பரில் அமெரிக்க, ஜெர்மன் அதிகாரிகளுக்குக் கட்டச் சம்மதித்த தொகை சுமார் 160 கோடி டாலர். விசாரணையில் வெளிவந்த விவரங்கள் ஒரு கேலிச்சித்திரம்போல இருக்கின்றன. பணம் எடுத்துப்போக ஊழியர்கள் சூட்கேஸோடு வரும் "கேஷ் டெஸ்க்" இருந்திருக்கிறது. சில அனுமதிகளில் கையெழுத்து, பிய்த்து எடுத்துவிடக்கூடிய ஒட்டுத்தாளில் போடப்பட்டது. காரியம் முடிந்தால் கையெழுத்தும் காணாமல் போகும். தொழில்நுட்பத்தில் யாருக்கும் குறையாத ஒரு கம்பெனி அது என்பதுதான் வேடிக்கை.

பிரேசிலின் ஒடெப்ரெக்ட் இன்னும் ஒரு படி மேலே போய், இதற்கென்று ஒரு துறையே வைத்திருந்தது. "கட்டமைப்பு நடவடிக்கைப் பிரிவு" என்பதுபோல ஒரு சாதுவான பெயர். தனிக் கணினி அமைப்பு, வாங்குகிறவர்களுக்குச் சங்கேதப் பெயர்கள். 12 நாடுகளில் சுமார் 78.8 கோடி டாலர் லஞ்சம் கொடுத்ததாக 2016-ல் அது அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. அந்த நாடுகளில் பெருவும் ஒன்று. தையற்கூடத்துக்கு 289 நாள் எடுத்த அதே பெரு. வாசல் யாருக்கு எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. 2019 ஜூனில் ஒடெப்ரெக்ட் கடன் சுமை தாங்காமல் திவால் பாதுகாப்புக் கோரியது.

இங்கே வளரும் நாடுகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். வாங்குகிறவர் அங்கே இருந்தார். கொடுத்தவர் பல முறை பணக்கார நாட்டிலிருந்து வந்தார். வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கிய முதல் சட்டம் 1977-ல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன் நடந்த விசாரணையில் 400-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கம்பெனிகள் சந்தேகத்துக்குரிய கொடுக்கல்களை ஒப்புக்கொண்டிருந்தன. மற்ற தொழில்வள நாடுகள் அந்தப் பக்கம் வர இருபது வருஷம் ஆயிற்று. 1997-ல்தான் தொழில்வள நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் உடன்பாடு. ஜெர்மனியில் 1999 வரை வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெறலாம். அரசாங்கமே பாதிச் சுமையை ஏற்றுக்கொண்ட மாதிரி!

எது கொஞ்சமாவது வேலை செய்திருக்கிறது

நீதி போதனை வேலை செய்ததாக எனக்குத் தெரிந்து பெரிய ஆதாரம் இல்லை. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களின் கார்கள் ஒரு நல்ல சாட்சி. ராஜதந்திரப் பாதுகாப்பு இருந்ததால் அவர்கள் அபராதம் கட்ட வேண்டியதில்லை. 1997 முதல் 2002 வரை கட்டாத பார்க்கிங் அபராதச் சீட்டுகள் 1,50,000-க்கு மேல். ஊழல் அதிகமுள்ள நாடுகளின் தூதர்கள் அதிகம் மீறினார்கள் என்று ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகேலும் கண்டார்கள். பழக்கம் கூடவே பயணம் செய்கிறது என்று சொல்லலாம். ஆனால் 2002-ல் நகர நிர்வாகம் நம்பர் பிளேட்டைப் பறிக்க ஆரம்பித்ததும் மீறல் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்துபோனது. அதே மனிதர்கள், அதே பழக்கம். விதி மட்டும் மாறியது.

ஜார்ஜியா நாடு இதைப் பெரிய அளவில் செய்தது. 2003 புரட்சிக்குப் பின் வந்த அரசு, மாமூலுக்குப் பேர்போன போக்குவரத்துப் போலீசைத் திருத்த முயலவில்லை. அப்படியே கலைத்துவிட்டு, நல்ல சம்பளத்தில் புது ஆட்களை எடுத்தது. வரி வகைகளையும் உரிமங்களையும் வெட்டித் தள்ளியது. கிளிட்கார்டின் கணக்கில் ஏகபோகத்தையும் விருப்பச் சுதந்திரத்தையும் குறைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மேல்மட்டத்துக்கு அந்தக் கண்டிப்பு எந்த அளவு பொருந்தியது என்பதில் சண்டை இன்றும் உண்டு. சாலையில் காரை மறித்துப் பணம் பறிப்பது நின்றது என்பதில் சண்டை இல்லை.

உகாண்டாவில் இன்னும் எளிய வழி. 1990-களின் முதல் பாதியில், பள்ளிகளுக்கென்று மத்திய அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவந்தது. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு செய்தித்தாளில் அச்சிட ஆரம்பித்தது. சில வருஷங்களில் போய்ச் சேரும் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. செய்தித்தாள் மட்டுமே காரணமா என்று பின்னால் கேள்வி எழுந்தது. இருந்தாலும், தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாத தலைமையாசிரியர் யாரிடம் போய்க் கேட்பார்?

கடைசியாக மறுபடியும் இந்தோனேசியா, மறுபடியும் ஓல்கன். 608 கிராமங்களில் சாலை போடும் வேலை. சில கிராமங்களுக்கு மட்டும், வேலை முடிந்ததும் அரசுத் தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வழக்கமாக அந்த வாய்ப்பு 4 சதவீதம்தான். பிறகு பொறியாளர்கள் போய்ச் சாலையைத் தோண்டி, உண்மையில் எவ்வளவு கல்லும் மணலும் போட்டிருக்கிறார்கள் என்று அளந்தார்கள். தணிக்கை உறுதி என்று தெரிந்த கிராமங்களில், கணக்குக்கும் சாலைக்கும் இடையே காணாமல் போன பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. கூடவே இன்னொன்றும் நடந்திருந்தது. அந்தக் கிராமங்களில் திட்டத்தை நடத்தியவர்களின் சொந்தக்காரர்கள் மற்றக் கிராமங்களைவிட அதிகமாகச் சாலை வேலையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். எடுத்துக்கொள்ள முடியாமல்போன பணத்தைக் கூலியாக வீட்டுக்குத் திருப்பினார்கள். கூலிக்கு ரசீது இருந்தது, தணிக்கையாளர் அதில் குற்றம் காண வழியில்லை.